சனிக்கிழமை எண்ணெய்

எங்கள் கூட்டங்கள் ஸ்கூடாயில் ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தன. கீழே சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றும் இயந்திரம் அலறத் தொடங்கினால், பேசிக்கொண்டிருப்பவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். சத்தம் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். முக்கியமான வாக்கியங்கள்தான் எப்போதும் அந்தச் சத்தத்தில் போய் மாட்டிக்கொள்ளும். "மறுபடி சொல்லுங்க" என்பதே அந்த அறையில் நான் அதிகம் கேட்ட பேச்சு.

நாங்கள் ஓர் ஆணையத்தைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தோம். இனத்தின் பெயரால் அவமானப்பட்டவர்கள் போய் முறையிட ஒரு பொது அமைப்பு. எந்த அமைச்சுக்கும் எந்தக் கட்சிக்கும் கீழே இல்லாமல், சட்டத்தால் அமைந்து, கூப்பிட்டு விசாரிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு. அது எப்படி இயங்க வேண்டும் என்று வரைவு எழுதி அரசாங்கத்திடம் கொடுப்பது எங்கள் எண்ணம். யாரும் எங்களை நியமிக்கவில்லை. நாங்களாகக் கூடியவர்கள். தலைமை தாங்கியவர் ஓய்வு பெற்ற மலாய்த் தலைமையாசிரியர். சட்ட வாசகங்களை எழுதியவர் ஒரு சீன வழக்கறிஞர், நடுவயதுப் பெண். சிகாமட்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வரும் தொழிற்சங்க அண்ணன் ஒருவரும் இருந்தார். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். நான்தான் எல்லோரிலும் இளையவன். பேசுவதைக் குறித்துக்கொள்வதும், எழுதியதைத் தமிழில் நம் ஆட்களிடம் எடுத்துச் சொல்வதும் என் வேலை.

எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதே ஸ்கூடாயில்தான் பல்கலைக்கழகம் படித்தேன். அந்த மேசையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது எனக்குப் பெரிய விஷயம். சட்டையை இஸ்திரி போடாமல் ஒரு நாளும் போனதில்லை.

ஒத்திகை நடத்தலாம் என்ற யோசனை தலைமையாசிரியருடையது. "வீடு கட்டி முடிச்ச பிறகா கதவு திறக்குதான்னு பாப்போம்?" என்று மலாயில் கேட்டார். மூன்று பேர் ஆணையர்களாக உட்கார வேண்டும். நிஜமான ஆட்கள் வந்து நிஜமாக நடந்ததைச் சொல்ல வேண்டும். விதிகளை அப்படியே கடைப்பிடித்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். எங்களில் ஒவ்வொருவரும் ஒரு முறையீட்டாளரை அழைத்து வர வேண்டும் என்று முடிவானது.

அந்தச் சனிக்கிழமை கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அப்பாவும் அம்மாவும் சமையலறைக்குப் பின்னால் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வார்கள். பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி என்பது நம்மிடம் உள்ள வழக்கம். எங்கள் வீட்டில் மட்டும் அம்மா ஆண்கள் நாளில் எண்ணெய் வைப்பாள், ஞாயிறு காலையில் ஒட்டாமல் அலசிவிடுவாள். மறுபடி எண்ணெய் அடுத்த சனிக்கிழமைதான். அப்பா கேலி செய்வார். "இந்த வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க." வேலை நாட்களில் அம்மாவுக்கு நேரமில்லை, அதனால் சனிக்கிழமை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. தினமும் மோட்டாரில் இரண்டாம் பாலம் தாண்டிப் போய்வருகிறவர். நான் ஆணையத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இன்னொரு ஆபீசா? அங்கயும் நம்பர் எடுத்துக்கிட்டு உக்காரணுமா?" என்றார்.

"உக்காரணும்தான்பா. ஆனா கேப்பாங்க."

"கேப்பாங்க. கேட்டுட்டு, நாளைக்கு வாங்கன்னுவாங்க."

அம்மா கரண்டியில் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "என்ன நடந்துச்சோ அத சொன்னா போதுமா?"

"போதும்மா."

"சாட்சி கேக்க மாட்டாங்களா?"

"அத அவங்க விசாரிச்சுப்பாங்க."

"ரொம்ப நாளாயிருச்சுன்னா?"

"ஒத்திகைதானம்மா. பரவால்ல. ஏன், யாருக்கு?"

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள். பேசும்போது எங்களைப் பார்க்கவில்லை, கரண்டியைத்தான் பார்த்தாள்.

அவள் பிஸ்கட் பேக்டரியில் சேர்ந்த புதிது. ஒரு வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னி, வலைத்தொப்பி போட்டுக்கொண்டு பொட்டலம் கட்டும் வரிசையில் நின்றாள். லைன் லீடர் பின்னாலேயே வந்து மோந்து பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பூசோக்" என்றாள். நாறுகிறதாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த இந்தியப் பெண்கள் தலையால் பிஸ்கட்டெல்லாம் எண்ணெய் வாடை அடிக்கும் என்று சொல்லி, அம்மாவைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். தரை துடைக்கும் மாப்பை அலசுகிற தொட்டி அங்கே இருந்தது. அதில் தலையைக் கவிழ்க்கச் சொல்லி, பாத்திரம் கழுவும் சோப்பைக் கொடுத்தாள்.

"தொடைக்க துண்டு இல்ல. ஈரத்தோடயே தொப்பிய போட்டுக்கிட்டு வந்து நின்னேன். பிஸ்கட்டுல தண்ணி சொட்டிருச்சுன்னா அதுக்கும் ஏசுவாங்கல்ல? அன்னைக்கு பூரா கழுத்த இப்படியே வெச்சிருந்தேன்."

கழுத்தை எப்படி வைத்திருந்தாள் என்று காட்டினாள். முகவாயை மேலே தூக்கி, பின்னந்தலையை முதுகுப் பக்கம் சாய்த்து. தண்ணீரெல்லாம் முதுகோடு இறங்கட்டும் என்று. கைகள் மட்டும் முன்னால் பொட்டலம் கட்டுவதுபோல் அசைந்தன.

 "எப்ப இது?" என்றார் அப்பா.

"நீங்க சிங்கப்பூர் வேலைக்கு போக ஆரம்பிச்சப்ப."

"சொல்லவேயில்லையே."

"சொல்லி? மோட்டார எடுத்துக்கிட்டு வந்து பேக்டரி வாசல்ல நின்னிருப்பீங்க. அப்பறம் எனக்கும் வேல இல்ல, ஒங்களுக்கும் வேல இல்ல." கொஞ்சம் சிரித்தாள். "அவளும் சின்னப் பொண்ணுதான்லா. அவளுக்கு மேல யாரோ அவள ஏசியிருப்பாங்க."

அப்பா எண்ணெயை எடுத்துத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார். காதுக்குப் பின்னால் வழிந்தது.

"நான் வரேன்," என்றாள் அம்மா. "அந்த ஒத்திகைக்கு. நானே சொல்றேன். என்னோடது பாசார் மலாய்தான், கடத்தெருவுல பேசுறது, பரவால்லயா?"

"பரவால்லம்மா."

அன்றிலிருந்து வீட்டில் அவளுடைய ஒத்திகை தொடங்கிவிட்டது. நெத்திலி கிள்ளும்போதும் துணி காயப்போடும்போதும் முணுமுணுப்பு கேட்கும். "துவான், சாயா கெர்ஜா கிலாங் பிஸ்கட்..." ஐயா, நான் பிஸ்கட் பேக்டரியில் வேலை செய்கிறேன். அங்கே வந்ததும் நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "துவான்லாம் வேணாம்மா" என்பேன். "மரியாதையா பேசுனா எனக்கென்ன கொறஞ்சா போயிரும்? நீ போ" என்பாள். கழுத்தைச் சாய்த்துக் காட்டும் இடத்துக்கு வார்த்தை கிடைக்கவில்லை என்று ஒருநாள் என்னிடமே கேட்டாள். எனக்கும் சரியான வார்த்தை தெரியவில்லை. "அப்ப காட்டிரவா?" என்றாள். காட்டலாம் என்றேன்.

ஒத்திகைக்கு முந்தைய கூட்டத்தில், யார் முறையிடலாம் என்ற பிரிவு வந்தது. வழக்கறிஞர் தன் வரைவை வாசித்தார். குடிமக்கள் எவரும் முறையிடலாம்.

"குடிமக்கள் மட்டுமா?" என்று கேட்டேன்.

தொழிற்சங்க அண்ணன்தான் பதில் சொன்னார். "தம்பி, எல்லாருக்கும்னு எழுதினா என்ன சொல்லுவாங்க தெரியுமா? வெளிநாட்டுக்காரனுக்குக் கதவத் தொறக்குறாங்கன்னு ஒரே வார்த்தையில மூடிருவாங்க. அம்பது வருஷமா கேட்டுக் கேட்டு இப்பதான் காது குடுக்குறாங்க. மொதல்ல ஆபீச எழுப்புவோம். அப்பறம் ரெண்டாவது கட்டத்துல மத்தவங்கள சேத்துக்கலாம்."

"அப்ப சிவப்பு ஐசி?"

"அதுவும் ரெண்டாவது கட்டந்தான்லா."

நான் சொன்னேன். அதே நேரம் பார்த்துக் கீழே இயந்திரம் அலறியது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். சத்தம் நின்றதும் தலைமையாசிரியர், "மறுபடி சொல்லு, அடிக்" என்றார். தம்பி என்று என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

மறுபடி சொன்னேன். "என் அம்மாவுக்குச் சிவப்பு ஐசி."

அம்மா பிறந்தது சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில். பிறப்பைப் பதியவில்லை. பதிய வேண்டும் என்று அவளைப் பெற்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு போய் நின்றபோது நிரந்தரவாசி என்று சிவப்பு அடையாள அட்டைதான் கிடைத்தது. அப்பாவுக்கும் எனக்கும் குடிமக்களுக்குரிய நீலம். அம்மா பலமுறை குடியுரிமை கேட்டுப் பார்த்துவிட்டாள், இன்னும் பரிசீலனையில் என்பார்கள். எந்த அலுவலக முகப்பிலும் அட்டையை நீட்டும்போது அவள் அதன்மேல் கட்டை விரலை வைத்து மறைத்துத்தான் நீட்டுவாள். நிறத்தை மறைக்க அந்த விரல் போதாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் வைப்பாள்.

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "ஏன்டா தம்பி, இத முன்னாலயே சொல்லக் கூடாதா" என்றார், தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி.  எங்கள் வீட்டில் அதைச் சாப்பாட்டு நேரத்தில்கூட யாரும் பேசுவதில்லை.

கெட்டவர் ஒருவரும் அந்த அறையில் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். வெகு நேரம் பேசினார்கள். தேநீர் ஆறிப்போகும் வரை பேசினார்கள். கடைசியில் வழக்கறிஞரே ஒரு வழி கண்டுபிடித்தார். குடிமகனான குடும்ப உறுப்பினர் ஒருவர் பாதிக்கப்பட்டவருக்காக முறையிடலாம் என்று ஒரு துணைப்பிரிவு. "நீங்க பேசுங்க. உங்க அம்மா கூட வந்து உக்காரட்டும்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்காக ஒன்று செய்துவிட்ட நிம்மதி.

"ஒத்திகையில மட்டும் அம்மாவே பேசலாமா?" என்று கேட்டேன்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம கொடுக்கப்போற விதி எதுவோ அதைத்தான் ஒத்திகையிலும் வைக்கணும், அடிக். இல்லன்னா ஒத்திகை எதுக்கு?"

அவர் சொன்னது சரிதான். 

வீட்டுக்குப் போனபோது அம்மா தொட்டியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அப்ப நான் பேசக் கூடாதா?"

"ஒனக்காக நான் பேசுவேன்மா."

"ஒனக்கு என்னடா தெரியும்? நீ அப்ப பாலர் பள்ளியில ஏ பி சி டி பாடிக்கிட்டிருந்த." கீரையை உதறினாள். தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. "அங்கயும் இந்தக் கார்டுதானா."

"ரெண்டாவது கட்டத்துல மாத்துவாங்களாம்."

அவள் குழாயை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "கார்ட எடுத்துக்கிட்டு வரணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா."

"அது வரைக்கும் நல்லது."

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஒத்திகை நாளில் எனக்கு முன்னால் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். என் பட்டமளிப்புக்குக் கட்டிய ஊதாப் புடவை. கூந்தலைக் கொண்டையாக இறுக்கி முடிந்திருந்தாள். பூ இல்லை.

ஒரு குடியிருப்புத் தாமானின் பொது மண்டபத்தில் நடந்தது. தரையில் பூப்பந்து ஆட்டத்தின் வெள்ளைக் கோடுகள். வலை கட்டும் கம்பத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு நீளமான மேசை போட்டிருந்தார்கள். ஆணையர்களாகத் தலைமையாசிரியரும் வழக்கறிஞரும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முறையிடுபவருக்கு மேசைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருந்தது. இன்னொன்றைப் பக்கத்தில் இழுத்துப் போடப் போனேன். அம்மா வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, பின்னால் போய்க் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

என் முறை வந்தபோது நல்ல மலாயில் பேசினேன். பரீட்சைக்குப் படித்த மலாய். வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடங்கல் இல்லாமல் வந்தன. பூசோக் என்று சொன்னதைச் சொன்னேன். மாப் அலசும் தொட்டியைச் சொன்னேன். பாத்திர சோப்பைச் சொன்னேன். கழுத்து வந்தபோது, அன்று முழுவதும் அம்மா மிகுந்த அசௌகரியத்துக்கு ஆளானார் என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அப்போது தலைமையாசிரியரின் பார்வை என்னைத் தாண்டிப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அம்மா முகவாயைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. மற்றவர்கள் கண்ணில் அது ஏதோ விட்டத்தைப் பார்ப்பதுபோல்தான் பட்டிருக்கும்.

வழக்கறிஞர் வரைவில் இருந்த கடைசிக் கேள்வியைக் கேட்டார். "பாதிக்கப்பட்டவர் இந்த ஆணையத்திடம் எதிர்பார்ப்பது என்ன?"

அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். எழுத்து மூலம் மன்னிப்பு, தொழிற்சாலையில் பயிற்சி என்றெல்லாம். வாயைத் திறப்பதற்குள் பின்னால் நாற்காலி நகரும் சத்தம்.

"துவான், சாயா..."

அம்மா எழுந்து நின்றிருந்தாள். மண்டபத்தில் எல்லோரும் திரும்பினார்கள். தலைமையாசிரியர் கையை மெதுவாக உயர்த்தினார். அத்தை என்று கூப்பிடுகிற மரியாதையோடு பேசினார், குரலில் கடுமை கொஞ்சமும் இல்லை. "மக்சிக், மன்னிக்கணும். விதிப்படி, உங்க மகன் வழியா."

முகப்புகளில் நின்று பழகியவள். ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டாள். "போலே, போலே" என்று தலையாட்டினாள். சரி, சரி. பிறகு வெள்ளைக் கோடுகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி என்னிடம் நடந்து வந்தாள். குனிந்து, என் காதருகே கையை வைத்து மறைத்துக்கொண்டு பேசினாள்.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லு. நான் சொல்லணும்னுதான் வந்தேன். அவ்வளவுதான்."

அவள் தலை என் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சனிக்கிழமை. போன ஞாயிறே எண்ணெய் போக அலசிய தலைதான். ஆனாலும் எலுமிச்சை ஷாம்புவின் வாடை வந்தது, கடுமையாக, ஒரு தடவைக்கு மேல் போட்டு அலசியதுபோல். கொண்டை இன்னும் ஈரமாக இருந்தது.

நான் மேசையைப் பார்த்துத் திரும்பி அவள் சொன்னதை மலாயில் சொன்னேன். எதுவும் வேண்டாம் என்கிறார். தானே சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாராம். வழக்கறிஞர் எதையும் எழுதவில்லை. தலைமையாசிரியர் அம்மாவைப் பார்த்து, "தெரிமா காசே, மக்சிக்" என்றார். நன்றி. அம்மாவும் "சாமா சாமா, துவான்" என்றாள், உங்களுக்கும் அப்படியே என்று. அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். விதியில் நன்றி சொல்லத் தடையில்லை.

அடுத்த கூட்டத்தில் வழக்கறிஞரே அந்தப் பிரிவைத் திரும்ப எடுத்தார். மாற்ற வேண்டும் என்றார். மறுபடி வெகு நேரம் பேச்சு. அண்ணன் இந்த முறை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "எனக்கு மட்டும் ஆசயா தம்பி? எங்க அக்காவும் சிவப்புதான்." அது எனக்குத் தெரியாது. அவர் அதை அதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. சொல்லிவிட்டும் அவர் குடிமக்கள் மட்டும் என்ற பக்கமே கை தூக்கினார். நான் எதிர்ப்பக்கம் தூக்கினேன், வழக்கறிஞரும் தூக்கினார். போதவில்லை. வரைவு அப்படியே போனது. ஆணையம் வருமா, வந்தால் எங்கள் வரைவில் எவ்வளவு மிஞ்சும் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. கூட்டங்களுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பிரிவைக் கேட்கிறேன். இரண்டாவது கட்டம் என்கிறார்கள்.

ஒத்திகை நாளன்று திரும்பும் வழியில் ஸ்கூடாய்ச் சாலை வழக்கம்போல் நெரிசலில் நின்றது. அம்மா முன் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டாவது கட்டம் எப்ப வருமாம்?"

"தெரியலம்மா."

"சீக்கிரம் வரச் சொல்லு. வர்றதுக்குள்ள எனக்கு முடியெல்லாம் கொட்டிரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் நிறுத்திவிட்டோம். லாரி நகர்ந்தது, நானும் நகர்த்தினேன். கெலாங் பாத்தா வருவதற்குள் அவள் ஒரு தடவை மட்டும் மிக மெதுவாக, "துவான், சாயா கெர்ஜா" என்று ஆரம்பித்து, பழக்கத்தில் வந்தது என்பதுபோல் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் அப்பா அன்று சீக்கிரமே முக்காலிகளை எடுத்துப் போட்டிருந்தார். எண்ணெயையும் அவரே சூடாக்கி வைத்திருந்தார், அது அதற்குள் ஆறியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"சொல்லிட்டியா?"

"அவன் சொன்னான்," என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு காலியாக இருந்த முக்காலியைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினார், எண்ணெய்க் கரண்டியையும்.

"தல இன்னும் காயல," என்று சொல்லிவிட்டு அம்மா சோறு வைக்கப் போனாள்.